விழுந்தது ஆச்சி, விழக்கூடியவர் தாத்தா: தாராவியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பிசியோதெரபிஸ்டான என்னிடம் வந்த பரிந்துரைச் சீட்டில் ஆச்சியின் பெயர் மட்டும்தான் இருந்தது. வயது 69. ஆறு வாரங்களுக்கு முன் மழைநாளில் வழுக்கி விழுந்திருக்கிறார், எலும்பு முறிவு இல்லை, நடக்கத் தயங்குகிறார், நடைப்பயிற்சி தேவை. அவ்வளவுதான். அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்த கணவருக்கு வயது 77. துணைக்கு வந்தவர் என்பதால் அவரைப் பற்றிச் சீட்டில் ஒரு வரிகூட இல்லை. இந்த ஆய்வு இருவரையும் பற்றியது. இருவரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீடும் ஆட்களும்

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்ட குடும்பம். தாத்தா பரேலில் துணிமில் தொழிலாளியாக இருந்தவர். 1982 வேலைநிறுத்தத்தில் மில் வேலை போனது. அதற்குப் பிறகு இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வியாபாரத்துக்குக் கிளம்பியவர், அறுபத்தைந்து வயது வரை நிறுத்தவில்லை. இப்போது மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள்.

வீடு நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில். கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, இரண்டையும் இணைக்க ஒரு இரும்பு ஏணிப்படி. படிக்குப் படி கிட்டத்தட்ட ஒரு அடி உயரம். பாதம் முழுதாகப் பதிய இடமில்லை. ஒரு பக்கம் மட்டும் நைலான் கயிறு தொங்குகிறது. கழிப்பறை சந்தின் கோடியில், பொதுக் கழிப்பறை. தண்ணீர் காலையில் மட்டும் வரும். அந்த நேரத்தில் சந்து முழுக்க ஈரம், குடம், டிரம், ரப்பர் ட்யூப். ஆச்சி விழுந்தது அங்கேதான்.

தாத்தா படுப்பது மேல் அறையில். பிள்ளைகள் கீழே படிப்பதால் அவரே எடுத்துக்கொண்ட ஏற்பாடு. இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவார். அதாவது, அரைத்தூக்கத்தில் அந்த ஏணியில் இறங்கி, செருப்பை மாட்டி, சந்தில் நடந்து, திரும்பி வந்து ஏற வேண்டும். இதை அவர் ஒரு குறையாகச் சொல்லவே இல்லை. "தூக்கம் எப்படி, தாத்தா?" என்று நான் கேட்டதற்குப் பதிலாக வந்த தகவல் இது.

கேள்வியைக் கேட்கும் விதம்

முதியோர் விழுவதைத் தடுப்பது குறித்து 2022இல் வெளியான உலக வழிகாட்டுதல்கள் மூன்று கேள்விகளிலிருந்து தொடங்கச் சொல்கின்றன. கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தள்ளாட்டம் இருக்கிறதா? விழுந்துவிடுவோமோ என்ற கவலை உண்டா? ஆச்சி மூன்றுக்கும் ஆமாம் என்றார். தாத்தா மூன்றுக்கும் இல்லை என்றார்.

"நான் எங்க விழுந்தேன்? இவதான் விழுந்தா."

"ஏணில காலு சறுக்கி மூணாம் படியில தொப்புனு உக்காந்தீகளே, அது என்னவாம்?" என்றார் ஆச்சி.

"அது சறுக்குனது."

தன்னை அறியாமல் தரையிலோ, தாழ்வான வேறொரு இடத்திலோ போய் உட்கார நேர்ந்தால் அதுவும் விழுந்த கணக்குதான். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை அப்படி. அடிபட வேண்டும் என்று அதில் இல்லை. ஆனால் நம் ஆட்களுக்கு, அடிபட்டு நாலு பேர் வந்து தூக்கினால்தான் விழுந்தது. அதனால் "விழுந்தீர்களா?" என்பதோடு நிறுத்தாமல் வழுக்கியதா, தடுக்கியதா, எதையாவது பிடித்துத் தப்பித்தீர்களா, தடுமாறி உட்கார்ந்தீர்களா என்று தனித்தனியாகக் கேட்கிறேன். அப்படிக் கேட்டதில் தாத்தாவுக்கு அந்த ஓராண்டில் இரண்டு விழுதல் தேறியது. ஆச்சிக்கு அந்த ஒன்றுதான்.

தாத்தாவையும் பரிசோதிக்க வேண்டும் என்று தோன்ற இன்னொரு காரணம் இருந்தது. கிளினிக்குக்குள் நடந்து வரும்போது பேச்சுக் கொடுத்தால் அவர் நின்றுதான் பதில் சொன்னார். பேசி முடித்த பிறகே அடுத்த அடி. 1997இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் லான்செட் இதழில் இதைத்தான் எழுதினார்கள்: நடக்கும்போது பேசினால் நின்றுவிடும் முதியவர்கள் பின்னால் விழும் வாய்ப்பு அதிகம். நடையே கவனத்தை எல்லாம் தின்றுவிட்டால் பேச்சுக்கு எது மிஞ்சும்? கருவி ஏதும் வேண்டாத சோதனை, வாசலிலேயே முடிந்துவிடும்.

ஆச்சியின் பரிசோதனை

டைம்டு அப் அண்ட் கோ சோதனையில் நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி கணக்கு வைக்கிறது. ஆச்சிக்கு 15.2 விநாடி ஆனது. இந்த ஒரு எண்ணோடு நிறுத்தியிருந்தால் கால் பலவீனம், தசை வலுவூட்டும் பயிற்சி என்று எழுதி அனுப்பியிருக்கலாம்.

மற்ற எண்கள் அதற்கு ஒத்துப்போகவில்லை. 30 விநாடியில் கையூன்றாமல் 12 முறை எழுந்து உட்கார்ந்தார். 65 முதல் 69 வயதுப் பெண்களுக்கு 11க்குக் கீழே போனால்தான் குறைவு. ஒரு பாதத்தின் குதிகாலுக்குப் பின்னால் மறு பாதத்தின் விரல்நுனி ஒட்ட, நேர்கோட்டில் 10 விநாடி நின்றார். சமநிலையை அளக்கும் பெர்க் பேலன்ஸ் ஸ்கேலில் 56க்கு 50. பாதத்தில் உணர்வு சரி. எழுந்து நின்றால் பிபி இறங்கவில்லை.

அப்புறம் ஒன்று செய்து பார்த்தேன். அதே மூன்று மீட்டரை, நான் கைக்கெட்டும் தூரத்தில், தொடாமல் கூடவே நடக்க, மறுபடி நடக்கச் சொன்னேன். 11.4 விநாடி. முறைப்படியான அளவீடு அல்ல என்பதால் கோப்பில் மதிப்பெண்ணாக எழுதவில்லை. குறிப்பாக மட்டும் எழுதினேன். பக்கத்தில் ஆள் நின்றதால் கால் தசை அரை நிமிடத்தில் வலுத்துவிடாது. பயந்தவர் உடம்பை விறைத்துக்கொண்டு, பார்வையைத் தரையில் ஊன்றி, சின்னச் சின்ன அடியாக வைக்கிறார். நேரம் கூடுகிறது. உடலை அளக்கும் கருவி என்று நாம் நம்புகிற டைம்டு அப் அண்ட் கோவும் பயத்தைச் சேர்த்தேதான் அளக்கிறது.

பயத்தைத் தனியாக அளக்க எஃப்இஎஸ்-ஐ கேள்வித்தாளைப் பயன்படுத்தினேன். மேரி டினெட்டி குழு 1990இல் உருவாக்கிய பத்துக் கேள்வி அளவீட்டிலிருந்து வளர்ந்து 2005இல் வந்தது இது. 16 செயல்கள், ஒவ்வொன்றையும் செய்யும்போது விழுவோமோ என்ற கவலை எவ்வளவு என்று 1 முதல் 4 வரை சொல்ல வேண்டும். மொத்தம் 16 முதல் 64. 28 தொட்டால் அதிகக் கவலை. ஆச்சிக்கு 44.

கேள்வித்தாளை அப்படியே நீட்டினால் வேலைக்கு ஆகாது. ஆச்சிக்கு வாசிப்பு சிரமம் என்பதால் வாயால் கேட்டு, விரலால் காட்டச் சொன்னேன். தொலைபேசி மணி நிற்பதற்குள் போய் எடுப்பது என்றொரு கேள்வி வருகிறது; இவர்கள் வீட்டில் போன் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஏபிசி என்ற இன்னொரு அளவீடு, கனடாவில் 1995இல் வந்தது, பனி உறைந்த நடைபாதையில் நடக்க எவ்வளவு நம்பிக்கை என்று கேட்கும். தாராவியில் அதைக் கேட்டால் ஆச்சி என்னைத்தான் பரிசோதிக்கச் சொல்வார். அதற்காக வாக்கியங்களை இஷ்டத்துக்கு மாற்றினால் மதிப்பெண்ணை வேறு எதோடும் ஒப்பிட முடியாது. ஆகவே மூலக் கேள்விகளைக் கேட்டு ஒரு மதிப்பெண், அதற்கு வெளியே இந்த வீட்டுக்கான ஒரு தனிப் பட்டியல்: ஏணி, குழாயடி, பொதுக் கழிப்பறை, தரையில் உட்கார்ந்து எழுவது, சயான் ஸ்டேஷன் மேம்பாலப் படி. சிகிச்சைக்கு உதவியது இந்தத் தனிப் பட்டியல்தான். முன்னேற்றத்தை ஒப்பிட உதவியது எஃப்இஎஸ்-ஐ.

இந்தக் கேள்விகளை மகன், மருமகள் முன்னால் கேட்கக் கூடாது. இரண்டே அறை உள்ள வீட்டில் தனிமை கிடைக்காது; கிளினிக்கில் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். "தரையில உக்காந்தா எந்திரிக்க முடியாதோனு இருக்கு, தாயீ. அதான் உக்காருததே இல்ல" என்று அப்போதுதான் சொன்னார். விழுந்த அன்று ஈரத்தில் எழ முடியாமல் வெகுநேரம் கிடந்திருக்கிறார். எல்லோரும் குடத்தோடு ஓடிக்கொண்டிருந்த நேரம். பயத்தின் வேர் விழுந்ததில் இல்லை, எழ முடியாமல் கிடந்ததில் இருந்தது.

தாத்தாவின் பரிசோதனை

டைம்டு அப் அண்ட் கோ 13.8 விநாடி. ஆச்சியைவிட வேகம். பார்த்தால் மிடுக்கான நடைதான். அதையே பேசிக்கொண்டு நடக்கச் சொன்னேன். நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைப்பது வழக்கமான முறை. மில்லுக்கு ரயிலில் போய்வந்தவர் என்பதால் சயானிலிருந்து சிஎஸ்எம்டி வரை ஸ்டேஷன் பெயர்களைச் சொல்லச் சொன்னேன். மாட்டுங்கா, தாதர், பரேல் வரை சரளமாக வந்தது. திரும்ப வேண்டிய இடம் வந்ததும் கர்ரி ரோட்டில் பேச்சும் காலும் சேர்ந்து நின்றன. 19.6 விநாடி.

30 விநாடியில் எழுந்து உட்கார்ந்தது 8 முறை. 75 முதல் 79 வயது ஆண்களுக்கு 11 வேண்டும். நேர்கோட்டில் நின்றது 3 விநாடி. பெர்க் 43. பதினைந்து ஆண்டுச் சர்க்கரை நோய். 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையைப் பெருவிரலிலும் பாதத்தின் முன்பகுதியிலும் வைத்து அழுத்தியது அவருக்குத் தெரியவில்லை. 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்கின் அதிர்வு கணுக்காலில்தான் தெரிய ஆரம்பித்தது. ஐந்து நிமிடம் படுத்திருந்தபோது பிபி 142/80. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 116/72. மேல் அளவு 20 இறங்கினாலே கவனிக்க வேண்டும், இவருக்கு 26. "தலை சுத்துதா, தாத்தா?" "இல்லயே." உண்மையிலேயே தெரியவில்லையா, சொல்லவில்லையா என்று சொல்வது கடினம்.

மருந்துச் சீட்டில் மெட்ஃபார்மின், இரண்டு பிபி மாத்திரைகள், ப்ராஸ்டேட்டுக்காக டாம்சுலோசின். கடைசி மாத்திரை எழும்போது பிபியை இறக்கக்கூடியது. மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். அது பாத உணர்வின்மையை மோசமாக்கும். கண்ணில் பைஃபோகல் கண்ணாடி. அதன் கீழ்ப்பாதி வாசிப்பதற்கானது. படி இறங்கும்போது அதன் வழியாகத்தான் படியைப் பார்க்கிறார், அது மங்கலாகத் தெரியும். காலில் தேய்ந்த ஹவாய் செருப்பு.

இவ்வளவுக்கும் அவருடைய எஃப்இஎஸ்-ஐ 18. கவலை மிகக் குறைந்த வகுப்பு.

இந்த இருவரையும் எப்படிப் புரிந்துகொள்வது?

2010இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கிம் டெல்பேர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சிட்னியில் 70 முதல் 90 வயது வரையிலான 500 பேரிடம் உடல்ரீதியான அபாயத்தையும், அவர்களே நினைக்கும் அபாயத்தையும் தனித்தனியாக அளந்தார்கள். இரண்டும் ஒத்துப்போனவர்கள்தான் அதிகம். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஒத்துப்போகவில்லை: உடல் நன்றாக இருந்தும் பயப்படுபவர்கள் ஒரு வகை, உடல் தள்ளாடியும் பயப்படாதவர்கள் இன்னொரு வகை. ஆச்சி முதல் வகை, தாத்தா இரண்டாவது.

இதை வாசித்ததும் எழும் முதல் யோசனை, தாத்தாவுக்குக் கொஞ்சம் பயம் காட்ட வேண்டும் என்பது. மகனும் அதைத்தான் கேட்டார்: "நீங்க சொன்னா கேப்பாரு, நல்லா மெரட்டி விடுங்க." நான் மறுத்தேன். அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. பயப்படாத அந்த இரண்டாம் வகையினருக்கு, அந்தப் பயமின்மையே ஓரளவு காப்பாக இருந்தது; அவர்கள் வெளியே போய்வந்தார்கள், உடலை அசைத்தார்கள், உற்சாகமாக இருந்தார்கள். பயம் வந்தவர் வெளியே போவதைக் குறைக்கிறார், கால் வலு இழக்கிறது, அப்புறம் நிஜமாகவே விழுகிறார். 77 வயதில் தினமும் சந்துமுனை டீக்கடைக்குப் போய் நாலு பேரோடு பேசிவிட்டு வருகிற ஒரு மனிதரை மிரட்டிக் கட்டிலில் உட்காரவைப்பது சிகிச்சையாகாது. அவருடைய தைரியத்தில் கைவைக்காமல், அவரைச் சுற்றியிருப்பதை மாற்றுவது என்று முடிவு செய்தேன். ஆச்சிக்கு நேர்மாறு: சுற்றியிருப்பதை அதிகம் தொட வேண்டாம், தைரியம் வளர வேண்டும்.

சிகிச்சை

ஆச்சிக்கு முதல் வேலை நடை அல்ல, தரையிலிருந்து எழுவது. இதைத் தலைகீழ் வரிசையில் கற்றுக்கொடுத்தேன். முதலில் கடைசிக் கட்டம்: ஒரு முழங்கால் தரையில், மறு பாதம் முன்னே, கை ஸ்டூலில், அங்கிருந்து எழுந்து நிற்பது. அது கைவந்ததும் அதற்கு முந்தைய கட்டம், தவழும் நிலையிலிருந்து அங்கே வருவது. பிறகு ஒருக்களித்துப் படுத்த நிலையிலிருந்து தவழும் நிலைக்கு. இப்படிப் போனால் ஒவ்வொரு முறையும் பயிற்சி எழுந்து நிற்பதில் முடியும். கிடந்து தவிப்பதில் முடியாது. தன்னம்பிக்கைக்கான வழிகளில் வலுவானது தானே செய்து முடித்த அனுபவம் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டூரா 1977இல் எழுதியதற்கு இதைவிட நேரடியான பயன்பாடு எனக்குத் தெரியவில்லை. வாயால் சொல்லும் "ஒன்னும் ஆகாது ஆச்சி" எல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. விழுந்த நாளிலிருந்து மருமகள் எல்லா வேலையையும் தானே எடுத்துக்கொண்டார். மகன் "நீ சும்மா உக்காரும்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். மருமகளிடம் தனியாகப் பேசினேன். "இன்னொரு தடவ விழுந்தா என்னையத்தானே சொல்வாங்க" என்றார். நியாயமான பயம். எனவே ஆச்சிக்குத் திருப்பிக் கொடுக்கும் வேலைகளை மகன் முன்னிலையிலேயே பேசி முடிவு செய்தோம்: தரையில் உட்கார்ந்து கீரை ஆய்வது, பாத்திரம் அடுக்குவது, பேரனோடு மாலையில் கடைக்குப் போவது. இதில் விழுந்தால் பழி பிசியோதெரபிஸ்ட் மேல் என்றும் சொல்லிவைத்தேன். சிரித்தார்கள், ஆனால் வேலை நடந்தது.

ஆச்சியிடம் என்ன செய்ய ஆசை என்று கேட்டபோது தயங்காமல் சொன்னார்: தை மாதம் ரோட்டில் எல்லோரும் சேர்ந்து பொங்கல் வைக்கும்போது போக வேண்டும், குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளிவிட வேண்டும். கூட்டம், மேடுபள்ளம், குனிந்து நிமிர்வது மூன்றும் அதில் இருந்தன. பயிற்சித் திட்டம் தானாக அமைந்துவிட்டது.

தாத்தாவுக்கு முதலில் டாக்டருக்கு ஒரு கடிதம்: படுத்தபோதும் நின்றபோதும் எடுத்த பிபி எண்கள், மாத்திரைப் பட்டியல், பி12 பார்க்கலாமா என்ற கேள்வி. எந்த மாத்திரையை நிறுத்துவது என்பது என் வேலை அல்ல. எண்ணை எழுதி அனுப்புவது என் வேலை. டாக்டர் ஒரு பிபி மாத்திரையின் அளவைக் குறைத்து, பி12 குறைவுக்கு ஊசி ஆரம்பித்தார்.

அடுத்தது படுக்கை. கீழே படுத்துக்கொள்ளுங்கள் என்றால் கேட்கமாட்டார் என்று தெரியும். பெரிய பேரன்தான் வழி செய்தான்: பரீட்சைக்கு ராத்திரி முழிக்க மேல் அறை வேண்டும் என்று கேட்டான். தாத்தா உடனே விட்டுக்கொடுத்தார். இரவில் ஏணி இறங்குவது ஒரே நாளில் நின்றது. படுக்கையருகே சிறுநீர்ப் புட்டி வைப்பதை மட்டும் கடைசிவரை ஒப்பவில்லை. அதை நான் வற்புறுத்தவில்லை. சந்தின் நடுவில் எரியாமல் கிடந்த பல்பை மாற்றினார்கள். பின்பக்கம் பட்டை உள்ள செருப்பு, வெளியே நடக்கத் தூரப்பார்வைக் கண்ணாடி தனியாக.

பயிற்சி, நியூசிலாந்தின் ஒடாகோ முறையை ஒட்டியது: கணுக்காலில் எடை கட்டிக் கால் தூக்குவது, பக்கவாட்டு நடை, குதிகால்-விரல் நடை, ஒற்றைக் காலில் நிற்பது, வாரம் மூன்று நாள். உடற்பயிற்சி விழுதலின் எண்ணிக்கையை 23 சதவீதம் குறைக்கிறது என்று 2019 காக்ரன் தொகுப்பாய்வு சொல்கிறது. ஆனால் சமநிலைக்குச் சவால் விடாத, நாற்காலியில் உட்கார்ந்தபடி கையை ஆட்டும் பயிற்சியிலிருந்து அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. இவருக்கு ஸ்டேஷன் பெயர் சொல்லிக்கொண்டே நடப்பதும் சேர்ந்தது. பரேல் தாண்டினால் அன்று டீ என் கணக்கு.

பன்னிரண்டு வாரம் கழித்து

ஆச்சியின் டைம்டு அப் அண்ட் கோ 10.8. எஃப்இஎஸ்-ஐ 44இலிருந்து 29. நல்ல இறக்கம்தான், ஆனால் இன்னும் அதிகக் கவலை வகுப்பிலேயே இருக்கிறார். பெர்க் 53, மூன்று புள்ளி ஏற்றத்தை முன்னேற்றம் என்று சொல்ல மாட்டேன், 45க்கு மேல் உள்ளவர்களிடம் 4 புள்ளியாவது மாற வேண்டும். தரையில் உட்கார்ந்து தானே எழுகிறார். பொங்கலுக்கு மருமகளோடு ரோட்டுக்குப் போனார், அடுப்பில் விறகைத் தள்ளினார். காலை நேரக் குழாயடிக்கு மட்டும் போக மறுக்கிறார். அதைப் பயம் என்று நான் எழுதவில்லை. அந்த நேரத்தில் அந்தச் சந்தில் நடக்க எனக்கே தயக்கம்தான்.

தாத்தாவின் எண்களைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். பெர்க் 43இலிருந்து 47. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 35 முதல் 44க்குள் தொடங்குபவருக்கு 5 புள்ளி மாறினால்தான் அளவீட்டுப் பிழையைத் தாண்டிய மாற்றம். எழுந்து உட்கார்வது 8இலிருந்து 10. பேசிக்கொண்டு நடக்கும் நேரம் 19.6இலிருந்து 15.9. எழும்போது பிபி இறக்கம் 26இலிருந்து 12. பாத உணர்வில் மாற்றமில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. இன்னும் அபாயத்தில்தான் இருக்கிறார், முன்பைவிடக் குறைந்த அபாயத்தில்.

அவருடைய எஃப்இஎஸ்-ஐ 18இலிருந்து 23 ஆகியிருக்கிறது. ஆச்சிக்கு இதே ஏற்றம் வந்திருந்தால் சிகிச்சை தோற்றது என்று எழுதியிருப்பேன். தாத்தாவுக்குக் கூடியது ஏணி, ஈரத்தரை, கூட்டம் ஆகிய கேள்விகளில்தான். டீக்கடைக்குப் போவது குறையவில்லை. இடையில் சந்தில் ஒருமுறை விழுந்து உள்ளங்கை சிராய்த்தது. அடுத்த வருகையில் நான் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்: "விழுந்துட்டேன். சறுக்கல, விழுந்துட்டேன்." அதன் பிறகு பயிற்சி நேரத்தைக் கூட்டினோம், தரையிலிருந்து எழும் பயிற்சியை அவருக்கும் சேர்த்தோம். சொல்லிக்கொடுத்தது ஆச்சி.

ஏணிக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடி போடுவது பாக்கி. பற்றவைக்கும் ஆளைப் பேசியாகிவிட்டது. ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டுக்காரருடையது, அவர் ஊரிலிருந்து வந்த பிறகுதான் துளை போட முடியும். மேல் அறையில் இப்போது பேரன் படுத்தாலும் துணி எடுக்கத் தாத்தா பகலில் ஏறத்தான் செய்கிறார். மழை தொடங்குவதற்கு முன் இருவரையும் மறுபடி பரிசோதிக்கத் தேதி கொடுத்திருக்கிறேன். இந்த முறை சீட்டில் இரண்டு பெயர்.